ஒளியின் மாற்றங் கண்ட இராமனார்

தோற்றுவாய்

உலகிற் பிறந்து மறையும் மக்கள் எண்ணிறந்தோர். அவருள் தம் உடம்பு மறைந்த பின்னரும் பிறர்க்குப் பயன்பட்டு நிற்பவர் மிகச் சிலரே. அரசர் தாம் வென்ற நாட்டினாலும், புலவர் தாம் யாத்த நூலினாலும், வள்ளல்கள் தாம் நிறுவிய அறச்சாலைகளாலும் நிலைபெறுவர். விஞ்ஞானிகளோ, தாம் கண்ட உண்மை தாம் எண்ணியும் பாராத துறைகளிற் சென்று பயன் விளைத்தலால் நிலைபெறுவர். அத்தகையோருள் ஒருவர் தமிழகத்துத் தோன்றிய சர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவர். இவர் 1928ஆம் ஆண்டிற் கண்ட ஒளிச்சிதறலின் உண்மை, மனிதர் குருதியிற் சிறிதளவு எடுத்து, அதனுட் புற்றுநோயின் குறி உளதோ இலதோ என ஆராய்வதற்கு இந்நாளில் ஒரு கருவியாக அமைந்துள்ளது.

யாம் தமிழிலக்கியம் பயில்பவர். பௌதிக நூல் முறையாகக் கற்றவர் அல்லேம். எனினும் இப்பெரியாரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி எம்மூர். விடுதலை வீரராகிய சுப்பிரமணிய சிவா, தொழுநோய் பற்றிய உடம்போடு ஊரூராய்ச் சென்று நாட்டுத் தொண்டாற்றி, 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் உயிர் நீத்த ஊர் அது. நோயின் கொடுமையை எம்மூரார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடும் வழக்கம் எம்மூர் போன்ற சிற்றூர்களில் இன்னும் ஒழிந்திலது. வாய்ப்புண் என்றும் வயிற்றுவலி என்றும் பல திங்கள் கைவைத்தியம் பார்த்திருந்து, பின்னர்ப் பேருந்தேறித் தருமபுரிக்குச் சென்று, ஆங்கிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ சென்னை அடையாற்றுக்கோ அனுப்பப்படுவோர் பலர். அவ்விடம் சேர்வதற்குள் புற்று உடலெங்கும் பரவிவிடுதலும் உண்டு.

ஆகவே, குருதியில் ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோயை முன்னரே அறியலாம் என்னும் செய்தி எம்போல்வார் செவிக்குத் தேனாய் இனிக்கும். இனிக்கும் செய்தியெல்லாம் மெய்யாகிவிடா. இதில் மெய்யாக நிறுவப்பட்டது எவ்வளவு, இனி நிறுவப்பட வேண்டுவது எவ்வளவு என்று பகுத்தறிதல் நம் கடன். அவ்வாறு பகுத்தறியும் நெறியையும் இராமனாரின் வாழ்க்கையே நமக்குக் கற்பிக்கின்றது.

பிறப்பும் கல்வியும்

இராமனார் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில், திருவானைக்காவற் பகுதியிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். மக்கள் எண்மருள் இவர் இரண்டாமவர். தந்தையார் கணக்கும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர், இசையிலும் நாட்டமுடையவர். இவர் சிறுவராயிருந்தபொழுதே தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் விரிவுரையாளராய் அமர்ந்தமையால் குடும்பம் ஆங்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் நிறைந்திருந்த நூல்களே இவர்க்கு விளையாட்டுத் தோழராயின.

அந்நகரத்துத் தூய அலோசியசு பள்ளியிற் பயின்று, பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்விலும், பதின்மூன்றாம் வயதில் எப்.ஏ. தேர்விலும் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904ஆம் ஆண்டிற் பி.ஏ. தேர்வில் முதல்வராய்த் தேறிப் பௌதிகத்திற் பொற்பதக்கமும் பெற்றார். மெலிந்த உடலும் இளவயதும் உடைய இவர் பட்ட வகுப்பில் வந்தமர்ந்த காலத்து, ஆசிரியரும் ஐயுற்று நோக்கினர் என்பர்.

அக்காலத்து அறிவிற் சிறந்த மாணவரை மேற்படிப்பிற்கு இங்கிலாந்துக்கு அனுப்புவது வழக்கம். இவரையும் அனுப்ப எண்ணினர். ஆனால் சென்னை நகரத்து அரசாங்க மருத்துவர் இவர்தம் உடல்நிலையைச் சோதித்து, அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று கூறித் தடுத்துவிட்டனர். பிறர்க்கு இடையூறாய் முடியக்கூடிய இத்தடை இவர்க்கு ஒருவாற்றான் நன்மையே ஆயிற்று. இந்நாட்டிலேயே இருந்து, இந்நாட்டுக் கருவிகளைக் கொண்டே உலகம் போற்றும் ஆராய்ச்சி செய்யலாகும் என்பதை மெய்ப்பிக்கும் வாய்ப்பு இதனாற் கிடைத்தது.

எம்.ஏ. வகுப்பிற் பயிலும்பொழுதே, சிறு துளையினூடே செல்லும் ஒளி விளிம்பில் வளையும் இயல்பை ஆராய்ந்து, இலண்டன் நகரத்து விஞ்ஞான இதழ் ஒன்றிற்குக் கட்டுரை விடுத்தார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தபொழுது இவர்க்கு வயது பதினெட்டு. வழிகாட்டும் ஆசிரியர் எவரும் இன்றித் தாமே தேர்ந்து தாமே முடித்த ஆராய்ச்சி அது.

கல்கத்தா வாழ்க்கை

1907ஆம் ஆண்டில் இவர் வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. எம்.ஏ. பட்டம் பெற்றார், உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார், இந்திய அரசாங்க நிதித்துறைத் தேர்வில் முதல்வராய்த் தேறிக் கல்கத்தாவில் துணைக் கணக்கதிகாரியாய் அமர்ந்தார். விஞ்ஞானத்தால் வயிறு வளர்த்தல் அந்நாளில் இந்தியர்க்கு அரிது. ஆதலின் அறிவுடைய இளைஞர் அரசாங்கப் பணியையே நாடினர். நல்ல ஊதியமும் மதிப்பும் வாய்த்த இப்பணியில் மற்றொருவராயின் அமைதியாய் வாழ்ந்து ஓய்வூதியம் பெற்றிருப்பர்.

இராமனாரோ அலுவலகத்துக்கு டிராம் வண்டியிற் செல்லும்பொழுது, பௌபசார்த் தெருவில் ஒரு பலகையைக் கண்டனர். விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்பது அதில் எழுதப்பட்டிருந்த பெயர். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876ஆம் ஆண்டில் நிறுவிய சங்கம் அது. நிறுவியவர் மறைந்த பின்னர், கருவிகள் தூசு படிந்து கிடந்தன. இராமனார் உள்ளே சென்று, ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்ய இசைவு வேண்டினர், இசைவு கிடைத்தது. அன்று கதவு திறந்துவிட்ட அசுதோஷ் தே என்பார் பின்னர்ப் பல்லாண்டு இவர்க்கு ஆய்வுத் துணைவராயினார்.

வைகறையிற் சங்கம், பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு நெடுநேரம் வரை மீண்டும் சங்கம் என இவர் நாட்கள் கழிந்தன. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டும் ஆராய்ச்சியைக் கைவிட்டிலர். அக்காலத்தில் இவர் பெரிதும் ஈடுபட்டது இசைக்கருவிகளின் ஒலியே. வீணை, வயலின் ஆகியவற்றின் நரம்பு அதிரும் வகையை ஆராய்ந்தார். மிருதங்கமும் தபலாவும் மேனாட்டு முரசங்கள் போல வெற்றோசை எழுப்பாது இன்னிசை எழுப்புவதேன் என வினவி, தோலின் நடுவில் அப்பும் கரும்பசையே அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி இயைபுடைய சுரங்களாக்குகின்றது எனக் காட்டினார். 1920ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. ஒரு பொருள் எவ்வாறு அதிர்கின்றதோ அதுவே அப்பொருளின் அடையாளம் என்னும் இக்கருத்தைப் படிப்போர் நினைவிற் கொள்க. குருதிச் சோதனையைப் பற்றிக் கூறுங்கால் இது மீண்டும் வேண்டப்படும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி, புதிதாய் நிறுவிய பாலித் பேராசிரியர் பதவியை இவர்க்கு அளிக்க முன்வந்தார். அதனை ஏற்பின் ஊதியம் பெரிதுங் குறையும். இராமனார் தயங்கிலர். 1917ஆம் ஆண்டில் அரசாங்கப் பணியைத் துறந்து ஆசிரியரானார்.

கடல் நீலமும் மெல்லொளியும்

1921ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு நகரிற் கூடிய பல்கலைக்கழக மாநாட்டிற்குச் சென்றார். அதுவே இவர்தம் முதல் ஐரோப்பியப் பயணம். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடல்நீரிற் பிரதிபலிக்கின்றது என்பது அக்காலத்துப் பேரறிஞர் இரேலி பிரபுவின் கொள்கை. இராமனார் கையிலிருந்த சிறு பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னினும் மிகுந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறவிடுகின்றன என்று தெளிந்து, கப்பலிலிருந்தவாறே கட்டுரை எழுதினார்.

கல்கத்தா மீண்டபின், நீர்ப்பொருள்கள் ஒளியைச் சிதறவிடும் இயல்பை மாணவரோடு விரிவாக ஆராயத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டில் இவர் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரிற் சிதறிய ஒளியிடையே வேறு நிறமுள்ள மெல்லிய ஒளி ஒன்று கலந்திருத்தலைக் கண்டார். நீரில் ஏதேனும் அழுக்கு இருந்து ஒளிர்கின்றது போலும் என ஐயுற்று, நீரைப் பன்முறை தூய்மை செய்து பார்த்தனர். அழுக்கால் விளைந்ததாயின் தூய்மை மிக மிக அவ்வொளி குன்றி மறைதல் வேண்டும். அது மறைந்திலது.

ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் தகும். வேண்டாத ஒளி ஒன்று தோன்றுமாயின், அதனைக் குறையென ஒதுக்கிவிட்டு மேற்செல்வதே பலர் இயல்பு. அன்றேல், புதுமை கண்டோம் என்று உடனே பறையறைவர். இராமனார் இவ்விரண்டும் செய்திலர். ஐந்தாண்டுகள் அவ்வையத்தை விடாது பற்றி நின்றார். 1927ஆம் ஆண்டின் இறுதியில் எஸ். வேங்கடேசுவரன் என்னும் மாணவர், தூய கிளிசரினிற் சிதறிய ஒளி நீலமாயிராது பசுமை கலந்து தோன்றுவதையும், அவ்வொளி ஒரு தளத்தில் அதிர்வதையும் கண்டார். சாதாரண ஒளிர்வாயின் அத்தகைய ஒழுங்கு இராது. அவ்வாண்டிலேயே அமெரிக்க அறிஞர் காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் சிதறும்பொழுது மாறுபடும் என்பதனைக் கண்டமைக்கு நோபெல் பரிசு பெற்றிருந்தார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் இது போன்றதொரு மாற்றம் நிகழ்கின்றதோ என இராமனார் கருதினார்.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கே. எஸ். கிருஷ்ணன் இவ்வாராய்ச்சியில் முழுதும் ஈடுபட்டார். வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர் இவர் என்பது மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு உவகை தருஞ் செய்தி. கதிரவன் ஒளியைத் தொலைநோக்கிக் கண்ணாடியாற் குவித்து, நீலவூதா ஒளியை மட்டும் விடும் வடிகட்டி வழியே நீர்ப்பொருளிற் பாய்ச்சினர். வெளிவரும் ஒளியை, நீலவூதாவை முற்றும் தடுக்கும் மற்றொரு வடிகட்டி வழியே நோக்கினர். நிறம் மாறாதிருப்பின் ஒன்றும் தோன்றலாகாது. ஆயினும் மெல்லிய ஒளி தோன்றிற்று. ஏறத்தாழ அறுபது நீர்ப்பொருள்களில் அவ்வாறே கண்டனர். பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டியால் நோக்கியபொழுது, புகுந்த ஒளியினின்றும் தனித்து விலகிய ஒளிப்பகுதி தெளிவாகத் தோன்றியது. மார்ச்சு 16ஆம் நாள் பெங்களூரில் விஞ்ஞானிகள் அவையில் இராமனார் இதனை விரித்துரைத்தார். பயன்படுத்திய கருவிகளின் விலை 200 ரூபாய் அளவே என்பர்.

ஒளியின் இம்மாற்றத்தைச் சிறிது விளக்குவாம். ஒரு பொருளின்மேற் பட்ட ஒளியிற் சிதறுவது பெரும்பாலும் சென்ற நிறத்தோடே திரும்பும். கோடியில் ஒரு பங்கு அளவானது மட்டும் மூலக்கூறோடு ஆற்றலைக் கொண்டும் கொடுத்தும் நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறிற்று என்பது, அம்மூலக்கூறின் அணுக்கள் எவ்வேகத்தில் அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. மிருதங்கத்தின் ஓசையைக் கேட்டே கண்ணாற் காணாதவன் அதனை அடையாளங் காண்பான். அதுபோல, விலகிய கோடுகளைக் கண்டே இன்ன மூலக்கூறு என்று கூறிவிடலாம். ஒலியை ஆராய்ந்த இளமையும் ஒளியை ஆராய்ந்த நடுவயதும் ஈண்டு ஒன்றாய் இணைந்தமை காண்க.

புகழும் பிற்கால வாழ்வும்

1924ஆம் ஆண்டிலேயே இலண்டன் இராயல் சங்கத்து உறுப்பினராயிருந்த இராமனார், 1929ஆம் ஆண்டிற் சர் பட்டம் பெற்றார். 1930ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு இவர்க்கு அளிக்கப்பட்டது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசு பெற்ற ஆசியருள் இவரே முதல்வர். பரிசு இவர் ஒருவர்க்கே கிடைத்தது. 1928ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த முதன்மையான கட்டுரையிற் கிருஷ்ணன் பெயரும் உடன் நின்றது. கண்டுபிடிப்போ இராமன் விளைவு என்றே வழங்குகின்றது. மாஸ்கோவிலும் இரு அறிஞர் அதே காலத்தில் பளிங்கினுள் இம்மாற்றத்தைக் கண்டிருந்தனர். ஒருவர் பெயராற் புகழ்பெறும் செயலிற் பலர் உழைப்பு மறைந்து கிடத்தலை மாணவர் உணர்தல் வேண்டும்.

1933ஆம் ஆண்டிற் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே. 1934ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான அகாதெமியை நிறுவினார். நிருவாகத்திற் பிறரோடு பிணக்குண்டு 1937ஆம் ஆண்டில் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராய் 1948 வரை தொடர்ந்தார்.

பெரியோர் வரலாற்றிற் குறையை மறைத்துக் கூறல் அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. 1933ஆம் ஆண்டில் கமலா பாகவத் என்னும் மாணவி அக்கழகத்திற் சேர விண்ணப்பித்தபொழுது, பெண் என்னும் காரணத்தால் இராமனார் இடமளிக்க மறுத்தார். அம்மாணவி விடாது வாதிட்டு, ஓராண்டு சோதனைக் காலம் என்னும் கட்டுப்பாட்டோடு இடம் பெற்றார். அவர்தம் உழைப்பைக் கண்டபின் இராமனார் தம் கொள்கையை மாற்றிக்கொண்டு பெண்களைச் சேர்க்கலாயினார். கமலா சோஹோனி என்னும் பெயரோடு அவ்வம்மையார் பின்னாளில் உயிர்வேதியியலிற் புகழ் பெற்றார். நீரின் அழுக்கைப் பன்முறை வடிகட்டியவர் தம் உள்ளத்து அழுக்கை வடிகட்டப் பிறரொருவர் வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டிற் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவி, இறுதிவரை ஆங்கே உழைத்தார். 1954ஆம் ஆண்டிற் பாரத ரத்தினா விருது பெற்றார். வைரங்கள், வண்ணத்துப்பூச்சிகள், மலர்கள், மனிதர் கண் நிறங்களை அறியும் முறை என நிறமுடைய யாவும் இவர் ஆராய்ச்சிப் பொருளாயின. 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் இறந்தார். அந்நிலையத்துத் தோட்டத்திலேயே இவருடல் எரியூட்டப்பட்டது. கல்லறை எழுப்பவில்லை, மரமொன்றே நினைவுச் சின்னமாய் நடப்பட்டது. இவர் கண்டுபிடித்த நாளாகிய பிப்ரவரி 28, 1987ஆம் ஆண்டு முதல் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

குருதியிற் புகுந்த ஒளி

இராமனார் காலத்தில், நிறம் மாறிய ஒளியைப் படம் பிடிக்கப் பல மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். அவ்வொளி அத்துணை மெலிந்தது. 1960ஆம் ஆண்டில் லேசர் ஒளி தோன்றியபின் அவ்விடர் பெரிதும் நீங்கியது. ஒரே நிறமுடைய செறிந்த ஒளியைச் சிறு புள்ளியிற் குவித்தல் எளிதாயிற்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் குருதியின் செம்பொருளாகிய ஹீமோகுளோபினை இம்முறையால் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, சொரசொரப்பான வெள்ளித் தகட்டின்மேற் படிந்த பொருள் பன்மடங்கு மிகுந்த இராமன் ஒளியைத் தருதல் காணப்பட்டது. இவற்றால், துளியளவு நீர்ப்பொருளும் ஆராய்ச்சிக்குப் போதியதாயிற்று.

குருதி வெறுஞ் செந்நீரன்று. அதில் புரதங்கள், கொழுப்புகள், சர்க்கரை, அணுக்கள் அழிந்து உதிர்த்த பொருள்கள் எனப் பலவும் கலந்து ஓடுகின்றன. உடலில் எங்கேனும் புற்று வளருங்கால், அதன் அணுக்கள் கட்டின்றிப் பெருகி, மிகுதியாக உண்டு, கழிவையும் மிகுதியாக விடுகின்றன. இம்மாறுதலின் சுவடு குருதியிற் படிதல் கூடும் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. செய்முறையும் அரிதன்று. சில மில்லிலிட்டர் குருதி எடுத்து, சுழற்றும் எந்திரத்திலிட்டுச் சிவப்பணுக்களைப் பிரித்துவிடுவர். மேல் நிற்கும் மஞ்சள் நிறத் தெளிநீரில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, விலகிய கோடுகளைப் பதிவர். நோயுற்றோர் பலர் கோடுகளையும் நோயற்றோர் பலர் கோடுகளையும் கணிப்பொறி ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும்.

இதற்கு உறவான வேறு முறையும் உண்டு. குருதியிலுள்ள டிரிப்டோபேன், போர்பிரின் முதலிய பொருள்கள் புறவூதா அல்லது ஊதா ஒளி பட்டவுடன் தாமே ஒளிரும். அவ்வொளிர்வை அளப்பது இம்முறை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வாய்ப்புற்றுடையோரின் குருதித் தெளிநீரை இவ்வாறு ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இராமனாரின் மாணவர் அழுக்கோ என்று ஐயுற்று நீக்க முயன்ற ஒளிர்வு, ஈண்டு நோயின் சுவடுணர்த்தும் குறியாயிற்று.

இராமன் முறையிலோ, 2010ஆம் ஆண்டிற் சீன நாட்டு ஆராய்ச்சியாளர் வெள்ளித் துகளைக் குருதிநீரிற் கலந்து மூக்குத்தொண்டைப் புற்றை ஆராய்ந்தனர். மும்பையை அடுத்த டாட்டா நினைவு நிலையத்து ஆராய்ச்சிக்கூடத்தில், புகையிலைப் பழக்கத்தால் நம்நாட்டு ஆடவரிடை மிகுந்துள்ள வாய்ப்புற்றைக் குறித்துக் குருதித் தெளிநீரை ஆராய்ந்துள்ளனர். வேல்சு நாட்டுச் சுவான்சி நகரிற் பெருங்குடற் புற்றுக்கு இம்முறையைப் பயன்படுத்த முயல்கின்றனர். இவையெல்லாம் உறுதிதரும் முயற்சிகளே. எனினும் சதையிற் சிறிது வெட்டியெடுத்து நுண்பெருக்கியால் நோக்கும் பழைய சோதனையின் இடத்தை இம்முறை இன்னும் பெற்றிலது. புற்று உண்டென்று முடிவுகட்டுவது இன்றும் அச்சோதனையே.

இரு ஐயங்கள்

ஏன் பெறவில்லை? இராமனார் நீரை நோக்கி வினவிய அதே வினா ஈண்டு மீண்டும் எழுகின்றது. காணும் ஒளி, தேடும் பொருளினின்று வருவதா, கலந்த அழுக்கினின்று வருவதா? குருதித் தெளிநீரிற் கரோட்டினாய்டு என்னும் மஞ்சட் பொருளின் கோடுகள் மிகத் தெளிவாய்த் தோன்றும். கீரை, காரட்டு, பப்பாளி முதலிய உணவின் வழியே குருதியில் இது சேர்கின்றது. புற்றுடையோரிடத்து இது குறைந்திருத்தலைக் கண்டு, இதுவே நோயின் அடையாளம் என்று கூறிவிடலாமோ? நோயால் உணவு செல்லாதவனுக்கும் அது குறையும். கீரையுண்ண வழியற்ற ஏழைக்கும் குறையும். புகையிலை பயன்படுத்துவோர்க்கும் குறையும். நோயுற்றோர் கூட்டத்திற் புகையிலை மெல்லுவோர் மிகுந்து, நோயற்றோர் கூட்டத்தில் அவர் குறைந்திருப்பின், கணிப்பொறி பிரித்துக் காட்டியது புற்றையா, புகையிலையையா என்பது தெளிவாகாது. இவ்வேறுபாடுகளை ஒவ்வொன்றாய் வடிகட்டிய பின்னரும் எஞ்சி நிற்கும் ஒளியே நம்பத்தக்கது.

மற்றோர் ஐயம் எண்ணைப் பற்றியது. எண்ணிப் பார்த்தற்கு ஓர் எடுத்துக்காட்டு அமைப்பாம். பதினாயிரம் பேர் வாழும் ஓர் ஊரிற் பத்துப் பேர்க்குப் புற்று மறைந்துள்ளது எனக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகக் கூறும் சோதனை ஒன்றை அனைவர்க்கும் நடத்துவோமாயின், நோயுடைய பத்துப் பேருள் ஒன்பதின்மர் அகப்படுவர்; ஒருவர் தப்புவர். நோயில்லாத 9,990 பேருள்ளோ 999 பேர் நோயுடையார் எனத் தவறாக அஞ்சப்படுவர். ஒன்பதின்மரைக் காப்பதற்கு ஆயிரம் பேரை நெடும்பயணஞ் செய்வித்துக் கலங்க வைத்தல் நேரும். நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் சொல்லைக் கேட்டு மகிழ்வோர், இக்கணக்கையும் செய்து பார்த்தல் நன்று. நோய்க்குறியுடையோர், புகையிலைப் பழக்கமுடையோர், முதியோர் எனத் தெரிந்தெடுத்துச் சோதிப்பின் இத்துன்பம் குறையும். சோதனையும் மேலும் நுண்மையாதல் வேண்டும்.

இவ்வையங்களைக் கூறியது முயற்சியை இகழ்தற்கன்று. கடன்பட்டு, நகை விற்று, ஊர் கடந்து செல்லும் ஏழைக்கு, ஊர் மருத்துவமனையிலேயே சிறிது குருதி கொடுத்து முதற்சோதனை முடிப்பது எத்துணைப் பேருதவி! அவ்வுதவி உண்மையாய் வருதல் வேண்டும், விளம்பரமாய் வருதலாகாது. மெய்ப்பிக்கப்படாத சோதனையை விலைக்கு விற்போர், அஞ்சியவனிடத்துப் பொருளையும், நோயுடையவனிடத்து மீளாத காலத்தையும் கவர்கின்றனர். அக்காலம் வரும்வரை, ஆறாத வாய்ப்புண்ணும் கரையாத கட்டியும் காரணமற்ற குருதிப்போக்கும் கண்டவுடன் மருத்துவரிடஞ் செல்லுதலே நம் கையிலுள்ள வழி. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டாரிடத்தும் அயலாரிடத்தும் இதனை எடுத்துரைத்தல் எளிது. இதற்கு லேசர் ஒளியும் வேண்டுவதில்லை.

முடிவுரை

இராமனார் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கவை பல. உடல்நலம் இல்லை எனப் பிறர் தடுத்தபொழுதும் ஊக்கங் குன்றாமை ஒன்று. பொருளைக் குறைத்து அறிவைப் பெருக்கிக்கொண்டமை மற்றொன்று. இவற்றினும் மேலாக யாம் கருதுவது, மெல்லிய ஒளியொன்றை இகழாமையும் அதனை உடனே நம்பிவிடாமையுமாகிய இருவகைப் பொறுமையே. இகழ்ந்திருப்பின் கண்டுபிடிப்பு இல்லை. சோதியாது நம்பியிருப்பின் அழுக்கையே உண்மையென்று உலகுக்கு உரைத்திருப்பார்.

குருதியில் நோயின் சுவடு தேடும் இளைஞர் சென்னையிலும் மும்பையிலும் பிறநாடுகளிலும் இன்று உழைக்கின்றனர். விஞ்ஞானம் பயிலும் எம் கல்லூரித் தோழருள்ளும் சிலர் நாளை அவரோடு சேர்தல் கூடும். அவர் கையில் இராமனாரின் ஒளி இருத்தல் போல, அவர் நெஞ்சில் இராமனாரின் ஐயமும் இருப்பதாக. அவ்வாறாயின் பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களினின்று பேருந்தேறுவோர், நோய் முற்றுமுன்னரே, மீண்டு வரும் நம்பிக்கையோடு ஏறுவர்.